மறந்துபோன வைஃபை கடவுச்சொல்லைக் கணிப்பொறியிலிருந்தே கண்டெடுத்தல்

சென்ற மாதம் ஒரு மாலைப்பொழுதில் நெசவாள அங்கத்தினர் ஒருவருடைய இல்லத்துக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே வீடே கலவரப்பட்டுக் கிடந்தது. மகளுடைய கல்லூரி விண்ணப்பத்துக்கு அன்று நள்ளிரவே கடைசி நேரம். அவளுக்கென்று வாங்கிய புதிய மடிக்கணினியை வீட்டு வைஃபையில் சேர்க்க வேண்டும். சேர்ப்பதற்குரிய கடவுச்சொல்லோ வீட்டில் எவருக்கும் நினைவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இணைப்புக் கொடுக்க வந்த ஊழியர் ஏதோ ஒரு சொல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை எழுதிய துண்டுச் சீட்டு எங்கோ போயிற்று. அண்டை வீட்டார் யாரோ யோசனை சொல்ல, தகப்பனார் ரூட்டர் பெட்டியின் பின்புறத்திலுள்ள சிறு துவாரத்தில் ஊசியை நுழைத்து அழுத்திப் பிடித்துவிட்டார். விளக்குகள் அணைந்து மறுபடி எரிந்தன. பழைய கடவுச்சொல் தொலைந்தது. அதனுடன் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த இணையமும் நின்றுபோயிற்று. அந்தப் பெண் தோழியின் வீட்டுக்கு ஓடி, அங்கிருந்து விண்ணப்பத்தை அனுப்பிவிட்டு வந்தாள்.

இத்தனைக்கும் அதே கூடத்தின் மூலையில் அவர்களுடைய பழைய கணிப்பொறி இருந்தது. மூன்று ஆண்டுகளாக அதே வைஃபையில் வேலை செய்துவந்த யந்திரம் அது. ஒருவருக்கும் நினைவில்லாத கடவுச்சொல் அதனுள் ஓர் எழுத்தும் பிசகாமல் இருந்தது. ஊசியைத் தேடியெடுத்த நேரத்திற்குள் அதைத் திரையில் படித்திருக்கலாம். இவ்விதம் நடப்பது அந்த ஒரு வீட்டில் மட்டுமல்ல என்று விசாரித்த அளவில் தெரிகிறபடியால், அதற்குரிய வழியை இங்கே விவரமாக எழுதலாயிற்று.

கணிப்பொறி ஏன் கடவுச்சொல்லை வைத்திருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். வங்கியின் இணையதளத்தில் கடவுச்சொல்லை மறந்துவிட்டோமானால், பழைய சொல்லை வங்கி நமக்குத் திருப்பித் தருவதில்லை. புதிதாக ஒன்றை வைத்துக்கொள்ளும்படியே சொல்லும். காரணம், ஒழுங்காக நடத்தப்படும் தளங்களில் அந்தச் சொல்லே இராது. அதைக் கணக்கிட்டுப் பெற்ற, பின்னோக்கிப் பிரிக்க இயலாத ஓர் அடையாளம் மட்டுமே இருக்கும். வைஃபையின் நிலை வேறு. கணிப்பொறி ஒவ்வொரு முறை இணையும்போதும், தனக்கு இரகசியச் சொல் தெரியும் என்பதை ரூட்டருக்கு நிரூபிக்க வேண்டும். ஆனால் அந்தச் சொல்லை வான்வழியே உரக்கச் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் தெருவில் நிற்பவனும் கேட்பான். ஆகையால் இருவரும் சில எண்களைப் பரிமாறிக்கொண்டு, தத்தம்மிடமுள்ள இரகசியத்தோடு அவற்றைச் சேர்த்துக் கணக்குப் போட்டு, விடையை மாத்திரம் ஒப்பிடுகிறார்கள். விடை பொருந்தினால் கதவு திறக்கிறது. 2004-ஆம் ஆண்டிலிருந்து வழங்கிவரும் டபிள்யூ.பி.ஏ.2 என்னும் முறை இப்படிப்பட்டதே. அதில் கடவுச்சொல் 8 எழுத்துக்குக் குறையாமலும் 63 எழுத்துக்கு மேற்படாமலும் இருக்கலாம். அச்சொல்லுடன் வலையின் பெயரையும் கலந்து 4096 முறை அரைத்தெடுத்த சாவியே உண்மையில் வேலை செய்கிறது. 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இதனினும் உறுதியான கணக்கைக் கையாளுகிறது. கணக்கு எதுவானாலும், தினந்தோறும் நம்மைக் கேட்டுத் தொந்தரவு செய்யாமல் இணைய வேண்டுமானால், கணிப்பொறி அந்த இரகசியத்தை மீட்டெடுக்கத்தக்க வடிவத்தில் தன்னிடமே வைத்திருந்தாக வேண்டும். விண்டோஸ் அதனைப் பூட்டித்தான் வைக்கிறது. ஆனால் அந்தப் பூட்டின் திறவுகோலும் அதே யந்திரத்தில்தான் உள்ளது.

இனிச் செய்முறைக்கு வருவோம். கணிப்பொறியைத் தொடுமுன் ரூட்டர் பெட்டியைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கவும். தொழிற்சாலையில் வைத்த பெயரும் கடவுச்சொல்லும் அடியில் ஒட்டிய சீட்டில் அச்சிட்டிருக்கும். யாரும் மாற்றாதிருந்தால் அதுவே போதும். மாற்றியிருந்தால், ஒரு தடவையாவது அந்த வைஃபையில் சேர்ந்திருந்த கணிப்பொறி ஒன்று வேண்டும். கம்பி வழியாகவே என்றும் இணைந்திருந்த யந்திரத்திடம் இந்தச் சொல்லைத் தேடிப் பயனில்லை. அதனிடம் ஒருவரும் அதைச் சொன்னதேயில்லை.

விண்டோஸ் 11 உள்ள கணிப்பொறியில் செட்டிங்ஸைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் என்பதைத் தொட்டு, அதனுள் வைஃபை என்பதற்குச் செல்லவும். இணைந்திருக்கும் வலையின் பெயரோடு ப்ராப்பர்ட்டீஸ் என்று ஒரு வரி தெரியும். அதற்குள் சென்று கீழே இறங்கினால், வியூ வைஃபை செக்யூரிட்டி கீ என்றும் அதன் பக்கத்தில் வியூ என்னும் பொத்தானும் இருக்கக் காணலாம். அழுத்தினால் சொல் தெரியும். 2022-க்குப் பின் வந்த பதிப்புகளில் இந்த வசதி உண்டு.

விண்டோஸ் 10 உள்ள பழைய யந்திரங்கள் இன்னும் பல வீடுகளில் ஓடுகின்றன. அவற்றில் கன்ட்ரோல் பேனலைத் திறந்து, நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டருக்குச் சென்று, வைஃபை என்று நீல நிறத்தில் தெரியும் இணைப்பின் பெயரைத் தொட வேண்டும். சிறு சாளரம் ஒன்று திறக்கும். அதில் வயர்லெஸ் ப்ராப்பர்ட்டீஸ், அதனுள் செக்யூரிட்டி என்று போனால் கடவுச்சொல் கரும்புள்ளிகளாக நிற்கும். ஷோ கேரக்டர்ஸ் என்னும் கட்டத்தில் குறியிட்டவுடன் புள்ளிகள் எழுத்துகளாக மாறும்.

மேற்சொன்னவை இரண்டும் அந்த நேரத்தில் இணைந்திருக்கும் வலைக்கே எளிது. எங்கள் அங்கத்தினர் வீட்டைப்போல ரூட்டர் ஏற்கெனவே மாறிப்போயிருந்தாலோ, பெட்டியே பழுதாகியிருந்தாலோ, கட்டளை எழுதும் வழியைக் கைக்கொள்ள வேண்டும். தேடும் இடத்தில் கமாண்ட் ப்ராம்ப்ட் என்று தட்டி, வலப்பக்கப் பொத்தானால் அதைத் தொட்டு, ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்பதைத் தேர்ந்தெடுக்கவும். கறுப்புத் திரை தோன்றும். அதில் ஆங்கில எழுத்துகளில் நான்கு சொற்களை இடம் விட்டு எழுத வேண்டும்: முதற்சொல் என்-இ-டி-எஸ்-எச், இரண்டாவது டபிள்யூ-எல்-ஏ-என், அடுத்தவை ஷோ, ப்ரொஃபைல்ஸ். என்டரை அழுத்தினால் அந்த யந்திரம் இதுவரை சேர்ந்து, நினைவில் வைத்திருக்கும் வைஃபைகள் யாவும் பட்டியலாக வரும். தம் வீட்டுப் பெயரைக் கண்டுகொண்டபின், அதே முதல் மூன்று சொற்களையும் மறுபடி எழுதி, ப்ரொஃபைல் என்று ஒருமையில் தட்டி, இடம் விட்டு நேம், சமக்குறி, இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வலையின் பெயர், மீண்டும் இடம் விட்டு கீ, சமக்குறி, கிளியர் என்று முடிக்கவும். பெயருக்கு நடுவே இடைவெளி இருக்குமானால் மேற்கோள் குறி தவறக் கூடாது. பலர் இவ்விடத்தில்தான் சறுக்குகிறார்கள். வரும் விவரங்களில் கீ கன்டென்ட் என்ற வரிக்கு நேராக இருப்பதே கடவுச்சொல். நிர்வாகி உரிமையின்றித் திறந்த திரையில் அச்சொல் தெளிவாகத் தெரியாது.

ஆப்பிள் நிறுவனத்தின் மேக் கணிப்பொறியில், 2022-இல் வந்த வென்ச்சுரா முதற்கொண்டு, சிஸ்டம் செட்டிங்ஸில் வைஃபை பகுதியில் வலையின் பெயருக்கு அருகிலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால் கடவுச்சொல்லைப் படியெடுக்கலாம். அதற்கு முந்தியவற்றில் கீசெயின் ஆக்சஸ் என்னும் பெட்டகத்தில் தேட வேண்டும். கைப்பேசியும் துணைக்கு வரும்: ஆண்ட்ராய்டு 10-உம் அதற்கு மேற்பட்டவையும் சதுரக் குறிப்படமாகக் காட்டும், அநேகம் கைப்பேசிகளில் அதன் கீழே எழுத்திலும் இருக்கும். ஐஃபோனில் ஐஓஎஸ் 16 முதல் நேராகவே பார்க்கலாம்.

கண்டெடுத்த சொல்லை எழுதிக்கொள்வதில் நிதானம் வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறு என்பதை மறக்கலாகாது. பூஜ்யத்தையும் ஆங்கில ஓ எழுத்தையும், 1 என்னும் எண்ணையும் சிறிய எல் எழுத்தையும் மாற்றி எழுதிவிட்டு, யந்திரம் பொய் சொல்கிறது என்று கோபித்துக்கொண்டவரை நான் கண்டிருக்கிறேன். கூடுமானால் கையால் எழுதாமல் படியெடுத்து ஒட்டுவதே மேல்.

இவ்வளவு சுலபமாக நமக்குக் கிடைப்பது, நம் கணிப்பொறியின் முன் நிர்வாகி உரிமையுடன் அமரும் எவருக்கும் அதே சுலபத்தில் கிடைக்கும். பழுது பார்க்கக் கொடுத்த யந்திரமும், அழிக்காமல் விற்றுவிட்ட யந்திரமும் அப்படியே. வங்கிக் கணக்குக்கு வைத்த சொல்லையே வைஃபைக்கும் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே ஒன்றை மாற்றிவிட வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பிறருடைய வலையில் அவர் அனுமதியின்றி நுழைவது வேறு விஷயம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு அதற்கு நஷ்டஈடு கோர இடம் தருகிறது.

ஊசித் துவாரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒரு வீட்டு இணைப்பில் மூன்று இரகசியச் சொற்கள் உண்டு. வைஃபையில் சேர்வதற்கு ஒன்று. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் நுழைவதற்கு ஒன்று. பல இணைப்புகளில், இணையம் வழங்கும் நிறுவனத்திடம் ரூட்டர் தன்னை அறிமுகம் செய்துகொள்வதற்கு மற்றொன்று. முதலாவதை மறந்தவர் துவாரத்தில் ஊசியை விட்டால் மூன்றும் அழிந்து, பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடுகிறது. முதலிரண்டும் பெட்டியின் அடிச்சீட்டில் கிடைக்கும். மூன்றாவது அந்த நிறுவனத்தாரிடமே கிடைக்கும். ஆகையால் வேறு வழியே இல்லையென்றால், முதலில் அவர்களுக்குத் தொலைபேசியில் பேசி அந்தப் பெயரையும் சொல்லையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே ஊசியை எடுப்பது சரி. அதற்கு முன்பாகக்கூட, கணிப்பொறியைக் கம்பியால் ரூட்டருடன் இணைத்து, 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்னும் முகவரியில் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். அங்கே நுழைய முடிந்தால் வைஃபை கடவுச்சொல்லை அழிவொன்றுமில்லாமல் மாற்றிவிடலாம்.

அங்கத்தினர் வீட்டுக்கு மறுநாள் பிற்பகல் நிறுவனத்து ஊழியர் வந்து மூன்றாவது சொல்லை மறுபடி பதித்தார். வைஃபைக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று அவர் கேட்டபோது, பழைய கணிப்பொறியின் கறுப்புத் திரையிலிருந்து எடுத்து வைத்திருந்த பழைய பெயரையும் பழைய கடவுச்சொல்லையுமே வைக்கும்படி சொன்னோம். பெயரும் சொல்லும் முன்போலவே அமைந்தபடியால் வீட்டிலிருந்த இரண்டு கைப்பேசிகளும் பழைய கணிப்பொறியும் யாரும் தொடாமலே தாமாக இணைந்துகொண்டன. புதிய மடிக்கணினியில் மட்டும் அந்தப் பெண் ஒருமுறை எழுத்தெழுத்தாகத் தட்டினாள்.