க்ளூ கன் நூல் விடுதா? சூட்டை ஏத்துறதுக்கு முன்னாடி காத்தைப் பாருங்க

வழக்கமா கோடு, சர்வர்னு பேசுற இடத்துல இன்னிக்குப் பசையைப் பத்திப் பேசப்போறோம். சிரிக்காதீங்க. இந்த வருஷம் நான் பண்ணின உருப்படியான டிபக்கிங் இதுதான்.

அம்பத்தூர்ல எங்க மாமா சின்னதா ஒரு சோபா பட்டறை வெச்சிருக்கார். ஒரு ஷெட், மூணு பேர், அவ்வளவுதான். ஃபோமைப் பலகையில ஒட்ட இத்தனை வருஷமா டின்ல வர்ற கரைப்பான் பசைதான். அந்த வாடையில சாயங்காலமானா அவருக்குத் தலைவலி. ஒரு பொறி பட்டா பத்திக்குமேங்கிற பயம் வேற. அதனால ஹாட் மெல்ட் ஸ்ப்ரே கன் ஒண்ணு வாங்கினார். பத்தே நாள்ல போன்: "டேய் மாப்ளே, இது பசை அடிக்கல, சிலந்தி வலை கட்டுது. நான் பழைய டின்னுக்கே போயிடறேன்."

அவர் திரும்ப அந்த வாடைக்குள்ள போறதுல எனக்கு இஷ்டமில்ல. ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போனேன்.

முதல்ல, இது எப்படி வேலை செய்யுது? கிராஃப்ட் வேலைக்கு வாங்குற க்ளூ கன், குச்சியை உருக்கிச் சொட்டா விடும். ஸ்ப்ரே கன்ல கூடவே கம்ப்ரஸர் காத்தும் வேணும். மாமா போடுறது ஈ.வி.ஏ. வகைப் பசை. 180 டிகிரி செல்சியஸ் பக்கம் உருகித் தேன் மாதிரி ஓடும். காத்துக்கு இங்க ரெண்டு வேலை. ஒண்ணு, உருகின பசையை முன்னால தள்ளுறது. இன்னொண்ணு, நாசில் வாயைச் சுத்தியிருக்கிற குட்டி ஓட்டைகள் வழியா வந்து, பசையை மெல்லிய இழையாச் சுழற்றி விரிக்கிறது. கரைப்பான் இல்லாததால காயறதுக்குக் காத்திருக்க வேண்டாம்; ஆறினாலே பிடிச்சுக்கும்.

ஆக, சூடு, காத்து, நேரம். இந்த மூணுதான் கணக்கு.

நான் பண்ணின தப்பு, மூணையும் பார்க்காம சூட்டை மட்டும் ஏத்தினது. 'நூல் விடுதுன்னா பசை கெட்டியா இருக்கு, சூடு பத்தல'ன்னு நினைச்சேன். 200ஐத் தாண்டி வெச்சேன். கொஞ்ச நேரம் நல்லா அடிச்சது. டீ குடிச்சிட்டு வந்து பார்த்தா கறுப்பு கறுப்பாத் துகள், அப்புறம் நாசிலே அடைச்சுக்கிச்சு. அதிகச் சூட்டுல சும்மா நிக்குற பசை கருகும். இது நானே உண்டாக்கின புது பக்!

காத்து லைனைக் கழட்டி, உள்ளே மிச்சமிருந்த அழுத்தத்தை வெளியேத்தி, பிளக்கைப் பிடுங்கி, கனமான கையுறை போட்டு, சூடு இருக்கும்போதே நாசிலைக் கழட்டிப் பித்தளை பிரஷ்ஷால தேய்ச்சேன். ஆறிட்டா கழட்ட வராது. ஊசி விட்டுக் குடையாதீங்க, ஓட்டை பெரிசாயிடும்.

அப்புறம்தான் காத்துப் பக்கம் திரும்பினேன். கம்ப்ரஸர் கேஜ் 6 பார் காட்டுது. "காத்துல பிரச்சனையே இல்லடா"ன்னார் மாமா. ஆனா அது டிரிக்கரை அழுத்தாதப்போ, அதுவும் டேங்க் பக்கத்துல. கன் பக்கத்துல ஒரு கேஜ் மாட்டி டிரிக்கரை அழுத்தினேன். 4க்கும் கீழ விழுந்தது! காரணம், மூலையில இருந்த கம்ப்ரஸர்லேருந்து வந்த நீளமான, ஒல்லியான பழைய ட்யூப். யாரும் வராத சர்வர் வேகமா இருக்கிற மாதிரிதான். லோடு விழும்போதுதான் உண்மை தெரியும்.

அகலமான, நீளம் குறைஞ்ச ட்யூப் மாத்தினோம். சூட்டைத் திரும்ப 180க்குக் கொண்டுவந்தோம். வலை நின்னுபோச்சு.

உங்களுக்கும் வந்தா இந்த வரிசையில பாருங்க:

நூல் விடுது, கட்டி கட்டியா விழுது: டிரிக்கரை அழுத்திக்கிட்டே காத்தழுத்தம் பாருங்க. அது சரின்னா, கன் முழுசாச் சூடாச்சான்னு பாருங்க. அப்புறம்தான் டிகிரியை ஏத்தணும்.

ஒரு பக்கமாவே அடிக்குது: நாசிலோட காத்து ஓட்டைகள்ல ஏதோ அடைச்சிருக்கு.

விட்டு விட்டுத் துப்புது: லைன்ல தண்ணி வந்திருக்கலாம். கம்ப்ரஸர் டேங்கைத் தினமும் வடிச்சிடுங்க.

அடிச்சும் ஒட்டல: இழை மெல்லிசு, சட்டுனு ஆறிடும். ஒரு சாண் தூரத்துல அடிச்சு, உடனே அழுத்துங்க. ஃபேனை நிறுத்திடுங்க.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. இல்லேன்னா எதனால சரியாச்சுன்னே தெரியாது.

ரொம்ப முக்கியம்: உருகின பசை தோல்ல பட்டா பிய்க்காதீங்க, தோலும் சேர்ந்து வரும். அப்படியே குழாய்த் தண்ணியில 20 நிமிஷம் காட்டிட்டு டாக்டரைப் பாருங்க.

எல்லாத்துக்கும் இது சரிப்படாது. வெயில்ல நிக்குற வண்டி சீட்டுக்கு ஈ.வி.ஏ. வேண்டாம், இளகிடும். மெல்லிய துணியில தடம் தெரியும். அந்த மாதிரி வேலைக்கு மட்டும் மாமா இன்னமும் டின்னைத் திறக்கிறார், ஷெட்டுக்கு வெளிய வெச்சு. போன வாரம் பேசினப்போ தலைவலியைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. நானும் கேக்கல.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம் மக்களே!