மடிக்கணினியைத் திறப்போம் – 6: அட்டைமேல் அச்சிட்ட வேகம்

கேமிங் லேப்டாப் வாங்கியவர்களுக்கு முதலில் தட்டுப்படும் குறை பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டில் இல்லை, இடத்தில்தான். 512 ஜிபி என்று சொல்லி விற்ற எஸ்எஸ்டியை விண்டோஸ் 476 ஜிபி என்றுதான் காட்டும். விண்டோஸும் அதன் அப்டேட்களும் அதிலிருந்து தம் பங்கை எடுத்துக்கொள்ளும். பால்டர்ஸ் கேட் 3 மட்டும் 150 ஜிபி கேட்கிறது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 கேட்பதும் அதே 150. ஸ்டார்ஃபீல்டுக்கு 125. மூன்றும் ஒன்றாக இருக்க இடமில்லை. ஒன்றை அழித்து மற்றொன்றை இறக்குவதும், ஆசைப்பட்டால் பழையதை மறுபடி இறக்குவதுமாக இரவுகள் போகின்றன.

சரி, புது எஸ்எஸ்டி வாங்கலாம் என்று கடைக்குப் போனால் அட்டைமேல் 7,000 என்று ஒன்றும் 3,500 என்று ஒன்றும் நிற்கும். நொடிக்கு அத்தனை எம்பி படிக்கும் என்று பொருள். இரட்டிப்பு வேகம் என்றால் கேம் பாதி நேரத்தில் திறக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கேம் விளையாடுவதற்காக எஸ்எஸ்டி வாங்குபவர் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது. இந்த வாரம் முழுக்க நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதலில் உங்கள் லேப்டாப் எதை ஏற்றுக்கொள்ளும் என்று பாருங்கள். 2021 ஜனவரியில் வந்த ஏஎம்டி ரைசன் 7 5800ஹெச் ப்ராசசரை எடுத்துக்கொள்வோம். நடுத்தர விலை கேமிங் லேப்டாப்கள் பலவற்றில் இடம்பிடித்த ப்ராசசர் அது. எஸ்எஸ்டியோடு பேசும் பாதையாக அதில் இருப்பது பிசிஐஇ 3.0, அதாவது ஜென் 3, மட்டுமே. அந்த லேப்டாப்பில் 7,000 எம்பி ஜென் 4 எஸ்எஸ்டியைப் போட்டால் ஓடும், கெட்டுப்போகாது. ஆனால் வேகம் 3,500-ஐ ஒட்டியே நின்றுவிடும். அடுத்த ஆண்டு வந்த ரைசன் 6000 வரிசைக்குத்தான் ஏஎம்டி பிசிஐஇ 4.0 கொடுத்தது. இன்டெலில் 11-ஆம் தலைமுறை ஹெச் வரிசையிலிருந்து அது உண்டு. அப்போதும் எஸ்எஸ்டி மாட்டும் இரண்டு எம்.2 ஸ்லாட்டில் ஒன்று ஜென் 4, மற்றது ஜென் 3 என்று வைத்த லேப்டாப்கள் உண்டு. லேப்டாப்பின் அடிப்பக்க ஸ்டிக்கரில் முழு மாடல் எண் இருக்கும். அதை வைத்து, தயாரித்த கம்பெனியின் தளத்தில் சர்வீஸ் மேனுவலை இறக்கிப் பாருங்கள். எத்தனை எம்.2 ஸ்லாட், எந்தத் தலைமுறை, எந்த நீளம் என்ற மூன்றுக்கும் அதில் பதில் இருக்கும். கடைக்காரர் சொல்வதைவிட அதை நம்பலாம்.

நீளம் என்றேன். 2280 என்றால் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். பெரும்பாலான லேப்டாப்களுக்கு இதுதான். சிலவற்றில் இரண்டாவது ஸ்லாட் 2242 மட்டுமே ஏற்கும். ஹீட்சிங்க் ஒட்டிவரும் மாடலை வாங்காதீர்கள், அது டெஸ்க்டாப்புக்கானது. லேப்டாப்பின் அடிமூடி மூடாது. இரண்டு பக்கமும் சில்லு பதித்த எஸ்எஸ்டியும் சில லேப்டாப்களில் அடியில் முட்டும்.

இப்போது அந்த 7,000-க்கு வருவோம். மிகப் பெரிய ஒரே ஃபைலை வரிசையாகப் படிக்கும்போது கிடைக்கும் வேகம் அது. கேம் அப்படிப் படிப்பதில்லை. ஒரு லெவல் திறக்கும்போது டெக்ஸ்சர், ஒலி, உருவம் என்று ஆயிரக்கணக்கான துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கேட்கும். மளிகைக் கடையில் ஐம்பது சில்லறைச் சாமான் வாங்கும்போது வாசல் எவ்வளவு அகலம் என்பதா முக்கியம்? கேட்டதைக் கடைக்காரர் எவ்வளவு சீக்கிரம் எடுத்துத் தருகிறார் என்பதுதானே. கிரிஸ்டல்டிஸ்க்மார்க் என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். அது காட்டும் கடைசி வரி, 4 கேபி துண்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் வேகம். 7,000 என்று எழுதிய எஸ்எஸ்டியே அந்த வரியில் பெரும்பாலும் 60-இலிருந்து 90 எம்பிக்குள் நிற்கும். 3,500 எம்பி எஸ்எஸ்டி அதற்கு வெகு தூரத்தில் இருக்காது. பழைய சாட்டா எஸ்எஸ்டி 30, 40 தொடும். ஹார்ட் டிஸ்க் 1 எம்பி அளவிலேயே தடுமாறும். பெரிய தாவல் ஹார்ட் டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு வந்தபோதே நடந்து முடிந்துவிட்டது.

இன்னொரு காரணமும் உண்டு. கேம் ஃபைல்கள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். எஸ்எஸ்டி கொடுத்ததை விரித்துப் போடுவது ப்ராசசரின் வேலை, அது முடியும்வரை எஸ்எஸ்டி காத்திருக்க வேண்டியதுதான். பிளேஸ்டேஷன் 5-இல் கூடுதல் எஸ்எஸ்டிக்கு நொடிக்கு 5,500 எம்பி வேண்டும் என்று சோனி சொல்வதைப் பிடித்துக்கொண்டு லேப்டாப்புக்கும் அதையே அளவுகோலாக வைப்பவர்கள் பலர். பிளேஸ்டேஷனுக்குள் விரிப்பதற்கென்றே தனி வன்பொருள் இருக்கிறது. லேப்டாப்பில் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் மைக்ரோசாஃப்ட் 2022-இல் டைரக்ட்ஸ்டோரேஜ் என்ற தொழில்நுட்பத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் ஃபோர்ஸ்போக்கன் என்ற கேம் அதைப் பயன்படுத்தி வெளிவந்தது. அதன்பிறகும் அதைப் பயன்படுத்தும் கேம்கள் கொஞ்சம்தான். ஆகவே கையில் இருக்கும் பணத்தை வேகத்தில் போடாமல் இடத்தில் போடுங்கள். 1 டிபி அதிவேக எஸ்எஸ்டியும் 2 டிபி நிதான எஸ்எஸ்டியும் ஒரே விலைக்கு அருகில் வந்தால் நான் யோசிக்காமல் 2 டிபி என்பேன்.

நிதானமானது என்பதற்காக எதையாவது வாங்கிவிடக் கூடாது. சில்லின் வகையைப் பார்க்க வேண்டும். டிஎல்சியில் ஒரு செல்லுக்கு 3 பிட், க்யூஎல்சியில் 4. நான்காவது பிட்டுக்காக ஒரே செல்லில் 8-க்குப் பதில் 16 மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டியிருப்பதால் எழுதும் வேகம் விழுகிறது. இதை மறைக்க, காலி இடத்தில் ஒரு பகுதியைச் செல்லுக்கு ஒரு பிட் என்று வைத்து எஸ்எஸ்டி முதலில் அங்கே வேகமாக எழுதிக்கொள்ளும். டிரைவ் நிரம்ப நிரம்ப அந்தப் பகுதி சுருங்கும். முக்கால்வாசி நிரம்பிய க்யூஎல்சி எஸ்எஸ்டியில் 100 ஜிபி கேமை நகலெடுத்துப் பார்த்தால் பாதியில் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடுவது இதனால்தான்.

ஆயுளை நினைத்துப் பயப்பட வேண்டாம். க்ருஷியல் பி3 என்ற க்யூஎல்சி எஸ்எஸ்டிக்கு 1 டிபி மாடலில் 220 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம். சாம்சங் 990 ப்ரோவுக்கு 600. குறைந்த 220-ஐயே ஐந்தாண்டுக்கு வகுத்தால் நாளுக்கு 120 ஜிபி வருகிறது. தினமும் ஒரு பெரிய கேமை இறக்கினால்தான் அந்த எல்லையைத் தொட முடியும். எழுதும் வேகத்தை நினைத்தும் கவலை வேண்டாம், அங்கே இணைய வேகம் துணைக்கு வருகிறது. 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பில் நொடிக்கு 25 எம்பிதான் வந்து சேரும், அதை எழுத க்யூஎல்சிக்கும் சிரமமில்லை. ஆகவே இரண்டாவது ஸ்லாட்டில் கேம்களை மட்டும் வைக்க க்யூஎல்சி போதும். ஒரே ஸ்லாட் உள்ள லேப்டாப்பில் விண்டோஸும் அதே டிரைவில் இருக்கப்போகிறது என்றால் டிஎல்சியைத் தவிர வேறு எதையும் வாங்க வேண்டாம்.

பெயரை மட்டும் நம்பவும் முடியாது. க்ருஷியல் பி2 டிஎல்சியில் அறிமுகமானது. 2021-இல் அதே பெயரில், அதே அட்டையில், உள்ளே க்யூஎல்சி இருப்பது வெளியே தெரிந்தது. வாங்குபவரிடம் சொல்லாமல் செய்த இந்த மாற்றத்தை என்னால் ஏற்க முடியவில்லை. சில்லின் வகையைத் தன் விவரத்தாளில் வெளிப்படையாக எழுதாத மாடலை விட்டுவிடுவதே வாங்குபவர் கையில் இருக்கும் ஒரே வழி.

டிராம் என்ற தனி நினைவகச் சில்லு இல்லாத எஸ்எஸ்டி வேண்டாம் என்று சிலர் சொல்வார்கள். லேப்டாப்பின் ரேமிலிருந்து சிறு பகுதியைக் கடன் வாங்கும் ஹெச்எம்பி வசதி இருந்தால் கேமுக்கு அதுவே போதுமானது. ஜென் 5 மட்டும் வேண்டாம். அதன் ஆரம்பகால மாடல்கள் 10 வாட்டைத் தாண்டின. ஏற்கெனவே சூடேறும் லேப்டாப்புக்குள் அவை தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும்.

வாங்கி மாட்டியதும் முதல் வேலை ஃபர்ம்வேர் அப்டேட். 2023 தொடக்கத்தில் சாம்சங் 990 ப்ரோவின் ஆயுள் சதவீதம் வேகமாகக் குறைவதாகக் காட்டியபோதும், 2024 அக்டோபரில் 2 டிபி டபிள்யூடி எஸ்என்770 போட்ட கணினிகள் விண்டோஸ் 11 24ஹெச்2 அப்டேட்டுக்குப் பிறகு நீலத்திரை காட்டியபோதும் தீர்வு ஃபர்ம்வேர் வழியாகவே வந்தது.

பழைய எஸ்எஸ்டியிலிருந்து விண்டோஸை மாற்றும் முறையை அடுத்த வாரம் எழுதுகிறேன். அதுவரை அடிமூடியைக் கழற்ற வேண்டாம். உங்கள் லேப்டாப்பில் டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று செட்டிங்ஸில் பாருங்கள். இயங்கினால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து எடுத்து, அந்த லேப்டாப்பில் அல்லாமல் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.