கண்ணை மூடிட்டு ஒரு வாள் சண்டை... ஆடியோ கேம்ல எது நிஜம், எது ஈஸி?

மொபைல் ஸ்கிரீனை முழுசா கறுப்பாக்கிட்டு சண்டை கேம் ஆடச் சொன்னா, 'அதெப்படிங்க முடியும்?'னுதான் கேட்போம். பார்வையற்ற கேமர்கள் பல வருஷமா அப்படித்தான் ஆடிட்டு இருக்காங்க. இதுக்குப் பேர் ஆடியோ கேம். படமே கிடையாது. எதிரி, கதவு, குண்டு எல்லாமே சத்தம்தான்.

இதை உருவாக்குறவங்களுக்கு ஒரு தலைவலி உண்டு. நிஜப் போர்க்களம் மாதிரி இருக்கணும்னா நாலா பக்கமும் சத்தம் வேணும். ஆனா, அத்தனை சத்தமும் ஒண்ணா வந்தா எந்தப் பட்டனை அழுத்துறதுன்னே தெரியாது.

காது எப்படித் திசை சொல்லுது?

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போற வழியில் இருக்கு தேவதானம். அங்கே ரோட்டைப் பார்த்து ஓரமா நின்னு கண்ணை மூடிக்கோங்க. பஸ் ராஜபாளையம் பக்கமிருந்து வருதா, சிவகிரி பக்கமிருந்து வருதான்னு காதே சொல்லிடும். வலப்பக்கச் சத்தம் வலது காதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, கொஞ்சம் பலமா வந்து சேரும். அந்த இடைவெளி ஒரு மில்லி செகண்டைவிடக் குறைவு. மூளைக்கு அது போதும். ஹெட்போனில் இதே வித்தியாசத்தைக் கொண்டுவர்றதைத்தான் 'பைனாரல்' ஒலின்னு சொல்றாங்க.

சிக்கல் எங்கேன்னா, நேர் முன்னால வர்ற சத்தமும் நேர் பின்னால வர்ற சத்தமும் ரெண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் வரும். ரோட்டில் தலையைத் திருப்பிச் சரிபார்ப்போம். சாதாரண ஹெட்போனில் தலையைத் திருப்பினா சத்தமும் கூடவே திரும்பிடும்!

மூணே திசை

2021-ல் கனடாவின் ஃபாலிங் ஸ்குவிரல் நிறுவனம் வெளியிட்ட 'தி வேல்' கேமின் நாயகி, பார்வையற்ற இளவரசி. சண்டையில் அடி இடது, நேர், வலது என மூணு பக்கமிருந்துதான் வரும். அதே பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினா கேடயம் தடுக்கும். நிஜத்தில் எதிரி பின்னாலிருந்தும் வருவான்தான். ஆனா, காதால் பிரிச்சறிய முடியாத அடியில் விழுந்தா, ஆடினவருக்கு அதில் கத்துக்க எதுவும் இல்லை.

2015-ல் பிரான்ஸின் டவினோ நிறுவனம் கொண்டுவந்த 'எ பிளைண்ட் லெஜண்ட்' வேற வழியைப் பிடிச்சது. கண்ணிழந்த வீரனுக்கு அவன் மகள்தான் குரலால் வழி சொல்றா. ஒரே குரல் கதையாவும் இருக்கு, திசைகாட்டியாவும் இருக்கு. வாளை வீச, மொபைல் திரையில் விரலை இழுத்தா போதும்.

கனடாவின் ஜி.எம்.ஏ கேம்ஸ் உருவாக்கிய 'லோன் உல்ஃப்' நீர்மூழ்கிக் கப்பல் சிமுலேஷன். இங்கே நிஜத்தன்மை தானாவே வந்துடுது. ஏன்னா, கடலடியில் நிஜ மாலுமிகளும் சோனார் சத்தத்தைக் கேட்டுத்தான் எதிரியைத் தேடுறாங்க.

ஆக, ஒரு ஆடியோ கேம் நிஜமா இருக்கான்னு பார்க்க, எத்தனை சத்தம் இருக்குன்னு எண்ண வேண்டாம். 'இந்தச் சத்தம் கேட்டா இதைச் செய்யணும்'னு புரியுதான்னு பாருங்க. பார்வையற்றவர்களுக்கு இது இன்னும் முக்கியம். சலுகையில் ஜெயிக்கிறதைவிட, தன் தப்பால் தோற்று, திருத்திக்கிட்டு ஜெயிக்கிறதுதானே விளையாட்டு?

ஆடிப் பார்க்கப் போறீங்களா?

* வயர் இயர்போன் நல்லது. ப்ளூடூத்தில் சத்தம் லேட்டா வரலாம். அதுக்குள்ள அடி விழுந்துடும்.
* இடது, வலது காது மாறாம மாட்டுங்க. மாறினா திசை மொத்தமும் தலைகீழ்!
* மொபைலில் 'டாக்பேக்' மாதிரி திரை வாசிப்பான் ஓடும்போது, விரல் அசைவை அது எடுத்துக்கும். கேம் எந்த அமைப்பைக் கேட்குதுன்னு முதல்லயே பாருங்க.
* முதல் சண்டையை அமைதியான அறையில் ஆடுங்க. பஸ்ல வேண்டாம்... எதிரி யாரு, கண்டக்டர் யாருன்னே தெரியாது!