பனிச்சங்கேணிப் பாலத்தடியில் ஒரு படையதிகாரியின் பேச்சு

வாகரையில் பனிச்சங்கேணிப் பாலத்துக்குப் பக்கத்துக் கடையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மருமகன் தொலைபேசியை என் பக்கம் நீட்டினான். ஓய்வுபெற்ற இந்திய இராணுவ அதிகாரி ஒருவர் உக்ரைன், காசா, இலங்கை என்று எல்லாவற்றைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார். “மாமா, இவர் நம்மட பக்கமும் நின்டவராம். இவர் சொல்றத நம்பலாமா?” என்று கேட்டான்.

ஒரே சொல்லில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை மனே, இரு, இன்னொரு பிளேன்ரீ சொல்லுவம் என்றேன். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாலு நாட்டுக்குப் போய்ச் சண்டை பார்த்த மனிதர் அரசியல் பேசினால் கேட்க வேண்டும். அவர் பேச்சில் இரண்டு பங்கு இருக்கும். தனக்கு என்ன கட்டளை வந்தது, போன இடத்தில் என்ன கண்டேன் என்பது ஒரு பங்கு. அந்த இடத்துச் சனம் என்ன நினைத்தது, என்ன விரும்பியது என்பது மற்றது. முதல் பங்கை அவரைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது. இரண்டாவதை அந்தச் சனத்திடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

மேஜர் ஜெனரல் அசோக் மேத்தாவை எடுத்துக்கொள்வோம். கூர்க்கா படையணியில் வளர்ந்தவர். 1962இல் இந்தியா சீனாவுடன் மோதியபோது இவர் ஐ.நா. அமைதிப் படையோடு கொங்கோவில் இருந்தார். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் படைக் கல்லூரிகளில் படித்தார். இராணுவத்தில் அவருடைய கடைசிப் பணி எங்கள் மண்ணில்தான்: 1988 முதல் 1990 வரை மட்டக்களப்பு, அம்பாறைப் பகுதியில் இந்திய அமைதி காக்கும் படைக்குத் தலைமை தாங்கினார். ஓய்வுக்குப் பிறகு நேபாளம், இலங்கை, காஷ்மீர் என்று தொடர்ந்து எழுதுகிறார். இப்படிப்பட்டவர் ஒரு படை ஏன் இன்னொரு நாட்டில் சிக்கிக்கொள்கிறது என்று சொன்னால், புத்தகம் படித்துச் சொல்பவரின் பேச்சைவிட அதற்கு எடை கூட.

வடக்கில் நின்ற தளபதிகளும் எழுதியிருக்கிறார்கள். முதலில் வந்த 54ஆவது டிவிஷனுக்குத் தலைமை தாங்கிய ஹர்கிரத் சிங் தன் நூலில் ஒரு பெரிய குற்றச்சாட்டை வைக்கிறார்: 1987 செப்டெம்பரில், பேச்சுவார்த்தைக்கு வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைச் சுட்டுவிடும்படி இந்தியத் தூதர் ஜே.என். தீட்சித் சொன்னார், நான் மறுத்துவிட்டேன் என்கிறார். அவருக்கு மேலே இருந்த தீபிந்தர் சிங், படைபலத்தில் இறங்கினால் 10, 20 வருடம் மாட்டிக்கொள்வோம் என்று தான் முன்கூட்டியே எச்சரித்ததாக எழுதுகிறார். இருவர் சொல்வதிலும் சாரம் ஒன்று. அமைதி காக்க என்று அனுப்பினார்கள், பிறகு சண்டை பிடி என்றார்கள், அரசியல் முடிவு எது என்பதை மட்டும் யாரும் தெளிவாகச் சொல்லவில்லை.

இதை நான் நம்புகிறேன், ஏனென்றால் காகிதமே அதற்குச் சாட்சி. 1987 ஜூலை 29இல் இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜே.ஆர். ஜெயவர்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 48 மணித்தியாலத்தில் சண்டை நிற்க வேண்டும், அதிலிருந்து 72 மணித்தியாலத்தில் ஆயுதம் ஒப்படைக்க வேண்டும் என்றிருந்தது. ஆயுதம் வைத்திருந்த புலிகள் அதில் கையெழுத்திடவே இல்லை. ஐந்து நாள் கணக்கு! ஒக்டோபர் 5இல், கொழும்புக்குக் கொண்டுபோகவென்று பிடித்து வைத்திருந்த புலிகள் சயனைட் அருந்தினார்கள். இறந்த 12 பேரில் மட்டக்களப்புத் தளபதியாக இருந்த குமரப்பாவும் ஒருவர். அடுத்த சில நாட்களில் இந்தியப் படைக்கும் புலிகளுக்கும் யுத்தம் தொடங்கிவிட்டது. 1990 மார்ச் 24இல் கடைசிப் படையினர் கப்பலேறியபோது 1,100க்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்கள் உயிரோடு இல்லை.

இனி அந்த இரண்டாவது பங்கு. 1987 ஒக்டோபர் 21இல் யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் வைத்தியர்கள், தாதியர், நோயாளர்கள் கொல்லப்பட்டார்கள். இரு தரப்புச் சண்டைக்கு நடுவில் அகப்பட்டு இறந்தார்கள் என்று இந்தியத் தரப்பு சொன்னது. பிணங்களுக்கு நடுவே அசையாமல் கிடந்து உயிர் தப்பிய ஊழியர்கள் சொன்னது வேறு கதை. தளபதியின் நூலை மட்டும் படித்தவனுக்கு அந்தக் கதை தெரியாது.

இது இந்தியாவுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்க மரைன் படையின் ஸ்மெட்லி பட்லர் பிலிப்பைன்ஸ், சீனா, நிகரகுவா, ஹைட்டி என்று 33 வருடம் சேவை செய்தவர். 1935இல், யுத்தம் என்பது ஒரு சிலரின் கொள்ளை வியாபாரம் என்று சிறு நூலொன்று எழுதினார். நெஞ்சுரம் உள்ள எழுத்து. ஆனால் ஹைட்டி மக்கள் அதை அவருக்குப் பல வருடம் முந்தியே சொல்லிவிட்டார்கள். ஜெனரல் சொன்னபோதுதான் உலகம் காது கொடுத்தது.

எங்களுக்கும் அப்படித்தான். அந்த 1987 ஒப்பந்தத்தில் தளபதிகள் அதிகம் பேசாத ஒரு வரி உண்டு. வடக்கோடு இணைந்திருக்க விருப்பமா என்று கிழக்கு மாகாண மக்களிடம் 1988 டிசெம்பர் 31க்கு முன் வாக்கெடுப்பு நடத்த வேண்டும்; ஜனாதிபதி விரும்பினால் தள்ளிப்போடலாம். தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார்கள். அது நடக்கவே இல்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் எல்லோரும் வாக்களித்திருந்தால் முடிவு எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்று நான் வாதிட வரவில்லை. எங்கள் வீதிகளில் இன்னொரு நாட்டுப் படை நின்றதே அந்தக் காகிதத்தின் பேரில். அதே காகிதம் எங்களிடம் கேட்பதாகச் சொன்ன கேள்வியை எவரும் வந்து கேட்கவில்லை. அமைதிப் படை தோற்றதற்குத் தெளிவில்லாத கட்டளையைத் தளபதிகள் காரணம் சொல்கிறார்கள். பாலத்தடியில் இருந்து பார்க்கும் எனக்கு இதுதான் முதல் காரணம்.

பிறகு 2006 ஒக்டோபர் 16இல் உயர் நீதிமன்றம் அந்த வடக்கு-கிழக்கு இணைப்புச் செல்லாது என்றது. அந்த நேரம் இங்கே வாகரை முழுக்க மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இருந்து இடம்பெயர்ந்த சனம். நவம்பர் 8இல் கதிரவெளிப் பாடசாலையில் தங்கியிருந்தவர்கள் மேல் ஷெல் விழுந்தது. 2007 ஜனவரி 19இல் வாகரை அரச படைகளின் கைக்குப் போனது.

மருமகன் தொலைபேசியைப் பொக்கற்றில் வைத்துவிட்டு, “அப்ப நம்மட ஆக்கள் சொன்னத எங்க வாசிக்கிற மாமா?” என்றான்.

வடக்கின் அந்தக் காலத்தை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் ‘முறிந்த பனை’யில் பதிந்து வைத்தார்கள். எங்கள் பக்கத்துக் கதையில் பெரும் பகுதி இன்னும் வாயில்தான் இருக்கிறது. இந்தியன் ஆமி வந்தபோது 20 வயதாக இருந்தவர் இன்று அறுபதை நெருங்கிவிட்டார். அன்று நாற்பதில் இருந்தவர்களில் பலர் போய்விட்டார்கள். இதை வாசிக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டில் அம்மம்மாவோ பெரியப்பாவோ இருந்தால் இந்தக் கிழமையே ஒரு கொப்பியோடு பக்கத்தில் இருந்து கேளுங்கள். ஆண்டு, மாதம், ஊர்ப் பெயர் மறக்காமல் எழுதுங்கள்.