கோழிக்கும் ஒரு கூரை

ஐப்பசி பிறந்துவிட்டால் அடைமழைதான். ஆகவே, நாம் வாழும் வீட்டின் கூரையைப் புரட்டாசியிலேயே ஏறிப் பார்க்கிறோம். உடைந்த ஓட்டை மாற்றுகிறோம். மக்கிய கீற்றைப் பிரித்துவிட்டுப் புதுக்கீற்று வேய்கிறோம். ஆனால், கொல்லைப்புறத்தில் கம்பி வலை அடைப்புக்குள் நிற்கும் பத்துக் கோழிகளின் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று பார்ப்பவர் நம்மில் சிலரே. கார்த்திகை முடிவதற்குள் அவை ஒவ்வொன்றாய்ச் சிறகைத் தொங்கவிட்டு மூலையில் ஒடுங்கும்போது, "சீக்கு வந்துவிட்டது" என்று வருந்துகிறோம். அச்சீக்குகளில் சில காற்றோடு வருபவை. வேறு சிலவோ, கூரையில்லாத தரையை நாமே தேடித் தந்ததால் வருபவை.

நாட்டுப்புறக் குடும்பங்களில் கோழி என்பது இல்லத்தரசியின் கைம்முதல். கணவரிடமும் கேட்காமல், வட்டிக்காரரிடமும் போகாமல் அவள் எடுத்துச் செலவிடக்கூடிய பணம் அதுவே. பிள்ளையின் நோட்டுப் புத்தகமும், திடீர்க் காய்ச்சலுக்கான மருந்தும், புனிதரின் திருவிழாவுக்கு நேர்ந்துகொண்ட காணிக்கையும் பல வேளைகளில் முட்டைக் காசிலிருந்தே வருகின்றன. ஒரே மழையில் ஐந்து கோழிகள் மாண்டால், அந்தச் சிறு கருவூலம் பாதி காலியாகிறது. ஆகையால் கோழிக்குக் கூரை அமைப்பது விளையாட்டு வேலையன்று.

ஈரமே பகை

தூறலில் சிறிது நனைந்தால் வளர்ந்த கோழி உதறிக்கொண்டு போய்விடும். அதைக் கெடுப்பது நனைந்த தரை. எச்சமும் ஈரமும் கலந்து புளிக்கும்போது அம்மோனியா ஆவி கிளம்பிக் கண்ணையும் மூச்சுக் குழலையும் எரிக்கிறது. குஞ்சுகளை வாரிக்கொண்டு போகும் இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிரின் கரு, எச்சத்தோடு வெளியே விழுகிறது. ஈரமும் வெம்மையும் கிடைத்தால் அது இரண்டொரு நாளில் நோய் பரப்பும் நிலையை அடைகிறது. உலர்ந்த தரையில் அதன் வேகம் குன்றுகிறது. நனைந்த தீவனத்தில் பூஞ்சை பிடித்து ஈரலைத் தாக்கும் நஞ்சு ஊறுவதும் உண்டு.

ஆதலால், நல்ல கூரை மூன்று கடமைகளைச் செய்யவேண்டும். மழைநீரை வெளியே தள்ளவேண்டும். காற்றைத் தடையின்றி உலவவிடவேண்டும். பெருங்காற்றில் பறக்காமல் நிற்கவேண்டும். மழைக்கு அஞ்சி நான்கு புறமும் மூடிவிடுகிறவர்கள் முதற்கடமையை நிறைவேற்றி இரண்டாவதை மறக்கிறார்கள். உள்ளே தேங்கும் ஆவியும் ஒருவகை ஈரமே.

சட்டம் அமைக்கும் முறை

பத்துக் கோழிகளும் ஒரு சேவலும் மழைநாளில் அடைந்திருக்க, 10 அடி நீளமும் 6 அடி அகலமும் உள்ள தரை போதும். நீண்ட பக்கம் கிழக்கு மேற்காய் அமையட்டும். காலை மாலை வெயில் நேரே உள்ளே அடிக்காது. ஒரு பக்கமாய்ச் சாய்ப்பு இறக்குவதே எளிது, செலவும் குறைவு. உயர்ந்த பக்கத்தில் தரைக்கு மேல் ஆறரை அடியும், தாழ்ந்த பக்கத்தில் 5 அடியும் நிற்குமாறு மும்மூன்று கால்களை நடுக. 6 அடிக்கு ஒன்றரை அடி இறக்கம் என்பது தகரக் கூரைக்குத் தக்க சாய்வு. சவுக்குக் கம்போ கெட்டி மூங்கிலோ போதும். கால்கள் மண்ணுக்குள் 2 அடியாவது இறங்கவேண்டும். புதையும் பகுதியை நெருப்பில் கருக்கித் தார் பூசினால் கறையான் எளிதில் அண்டாது. குழியில் செங்கல் துண்டுகளையும் மண்ணையும் இட்டு நன்கு இடித்து இறுக்குக.

தாழ்ந்த பக்கம் மழைக்காற்று வரும் திசையை நோக்கவேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் கடற்கரை மாவட்டங்களில் அது வடபுறம். தென்மேற்கு மழை வலுவாய்ப் பெய்யும் குமரி மாவட்டத்திலும் மலையடிவாரங்களிலும் தென்புறம். அப்பக்கத்தில் இறவாரம் கால்களுக்கு வெளியே இரண்டரை அடி நீளட்டும். உயர்ந்த பக்கத்தில் ஒன்றரை அடியும் இரு ஓரங்களில் ஓரோர் அடியும் போதும். இறவாரத்தில் கஞ்சத்தனம் செய்து மிச்சம் பிடிக்கும் பணம், நனைந்த கூளமாக நம்மிடமே திரும்பி வரும். இதற்கும் மேலாகச் சாரல் அடிக்கும் நாள்களில் பழைய சாக்குகளைத் தைத்துத் திரையாகத் தொங்கவிடலாம். திரைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். ஆவி வெளியேற அதுவே வழி.

எதனால் வேய்வது?

தென்னை உள்ள வீட்டில் கீற்றுக்குக் காசில்லை. மட்டையை நீரில் ஊறவைத்து முடைந்து, நெருக்கமாய் அடுக்கினால் வெயிலுக்கு அதைப்போல் குளிர்ச்சி தருவது வேறில்லை. ஆனால் ஓலைக் கூரைக்குச் சாய்வு மிகுதியாய் வேண்டும். 6 அடி அகலத்திற்கு நடுவே 3 அடி உயர்ந்த முகடு வைத்து இருபுறமும் இறக்கினால் நீர் தங்காமல் ஓடிவிடும். கீற்று ஓரிரு ஆண்டுகளில் மக்கும். பனையோலை அதைவிட நீடிக்கும். எலியும் பாம்பும் ஓலைக்குள் குடிபுகக்கூடும் என்பதையும், அடுப்படிக்கு அருகில் ஓலை ஆகாது என்பதையும் நினைவிற்கொள்க.

கையில் கொஞ்சம் பணம் உள்ளவர்க்கு வரித்தகரமே தக்கது. பழைய இரும்புக் கடையில் துருப்பிடிக்காத தகடுகளாய்ப் பார்த்து வாங்கலாம். மேற்சொன்ன அளவிற்கு 10 அடித் தகரம் சரியாய்ப் பொருந்தும். நடுவில் இணைப்பே வராது. பக்கவாட்டில் இரண்டு வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறவேண்டும். திருகாணியை ரப்பர் வாஷருடன் தகரத்தின் மேட்டு வரியிலேயே இறுக்குக. பள்ளத்தில் இறுக்கினால் நீர் ஓடும் வழியிலேயே துளை போட்டவர்கள் ஆவோம். பழைய துளைகளைத் தாரால் அடைக்கலாம்.

தகரத்தின் குறை வெப்பம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பமோ ஏறத்தாழ 41 டிகிரி செல்சியசு. கோடையில் வாயைத் திறந்து இளைப்பதே அதற்குப் பெருந்துணை. எனவே தகரத்தின்மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசுக. அல்லது பழங்கீற்றைப் பரப்பிக் கட்டுக.

ஒன்றும் இயலாதவர்க்குத் தார்ப்பாயும் பழைய விளம்பரப் பதாகையும் உண்டு. அவற்றை விரித்துப் போட்டால் மட்டும் போதாது. அடியில் சாண் இடைவெளிக்கு ஒரு வரிச்சு கட்டி, தொய்வின்றி இழுத்துப் பிடிக்கவேண்டும். தொய்ந்த இடத்தில் நீர் தேங்கிப் பளுவால் கிழியும். வெயில் அதை நாளடைவில் நொறுக்கும் என்பதால் ஆண்டுதோறும் பார்த்து மாற்றுக. ஆஸ்பெஸ்டாஸ் எனப்படும் கல்நார்த் தகட்டைத் தவிர்ப்பது நன்று. அதை அறுப்பதாலும் உடைப்பதாலும் எழும் தூசு, நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது உறுதியாய் அறியப்பட்ட செய்தி.

காற்றும் நீரும்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்தது. தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை மக்கள் அந்த இரவை மறக்கமாட்டார்கள். பறந்துபோகும் தகரம் கோழியை மட்டுமன்று, வழியில் நிற்கும் மனிதரையும் வெட்டும். எனவே, கூரைச் சட்டத்தைக் கால்களோடு ஆணியால் மட்டும் பிணைப்பது போதாது; கட்டுக்கம்பியை மும்முறை சுற்றி முறுக்குக. புயல் எச்சரிக்கை வந்தால் கூரையின் குறுக்கே கயிறு போட்டு இருபுறமும் முளையடித்துக் கட்டுக. செங்கல்லையும் பாறாங்கல்லையும் கூரைமேல் சும்மா அடுக்குவது ஆபத்து.

இன்னொரு கணக்கும் உண்டு. நாம் சொன்ன கூரை ஓரங்களோடு சேர்த்து 12 அடிக்கு 10 அடி. ஓர் இரவில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால், இச்சிறு கூரையிலிருந்து ஏறத்தாழ 1,100 லிட்டர் நீர் இறங்கும். 15 லிட்டர்க் குடத்தால் எழுபது குடங்களுக்கு மேல். அது போக வழி செய்யாவிட்டால் மேலே தள்ளிய நீர் கீழே உள்ளே நுழையும். இறவாரத்தின் நேர்கீழே ஒரு சாண் ஆழ வாய்க்கால் வெட்டி, வாழைக்கோ முருங்கைக்கோ திருப்பிவிடுக. உள்தரையைச் சுற்றுப்புறத்தைவிட அரையடி உயர்த்தி, நெல் உமியோ கடலைத் தோலோ மூன்று விரற்கடை பரப்புக. வாரம் ஒருமுறை கிளறிவிட்டு, ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பாருங்கள். உதிர்ந்தால் கூரை தன் வேலையைச் செய்கிறது. உருண்டையாய் ஒட்டினால் எங்கோ ஒழுகுகிறது.

கூரை எல்லா நோயையும் தடுக்கும் என்று நாம் சொல்ல வரவில்லை. இராணிக்கேட் எனப்படும் வெள்ளைக் கழிச்சலுக்குத் தடுப்பூசி ஒன்றே காவல். அதற்கு அரசு கால்நடை மருந்தகத்தை நாடுக. ஆனால் உலர்ந்த இடத்தில் வளரும் கோழி, நோயை எதிர்த்து நிற்கும் வலிமையோடு இருக்கும்.

குடும்பமாய்ச் செய்வோம்

இது இரண்டு சனிக்கிழமை வேலை. தந்தை குழி தோண்டட்டும். மூத்தவன் கம்பி முறுக்கட்டும். பெண்மக்கள் கீற்று முடையட்டும். எது எங்கே வேண்டும் என்று அன்னை சொல்லட்டும், கோழிகளின் வழக்கம் அவளுக்குத்தானே தெரியும். நாசரேத்தூரில் தச்சுவேலை செய்த சூசையப்பரின் இல்லத்திலும் இத்தகைய எளிய வேலைகள் நடந்திருக்கும் என்று எண்ணுவதில் தவறில்லை. பக்கத்து வீட்டில் கைம்பெண் ஒருத்தி தனியே கோழி வளர்த்தால், மூன்றாவது சனிக்கிழமை அவளுக்காகட்டும். பங்கின் இளைஞர் மன்றம் இதை ஏற்றுச் செய்தால், மழைக்காலத்திற்கு முன் பல கொல்லைகளில் கூரை எழும்.

நம் ஆண்டவர் எருசலேமை எண்ணிக் கலங்கியபோது, குஞ்சுகளைச் சிறகின்கீழ்ச் சேர்க்கும் கோழிக்கே தம் அன்பை ஒப்பிட்டார். கழுகையோ சிங்கத்தையோ அங்கே அவர் தேர்ந்துகொள்ளவில்லை. நம் கொல்லையில் மேயும் அந்தத் தாய்ப்பறவையையே தேர்ந்தார். அதன் சிறகு குஞ்சுகளைக் காக்கும். அதைக் காக்கும் சிறகு, நம் கையால் வேயும் கூரையே.