மருந்தால் நேரும் தாடையெலும்பு நோய்

எலும்பென்பது உயிரற்றதொரு கட்டை என்றே நம்மிற் பலர் எண்ணுகின்றோம். உண்மை அதுவன்று. உடலிலுள்ள எலும்பு நாடோறும் அழிந்தும் ஆக்கப்பட்டும் வருகின்றது. பழைய எலும்பைக் கரைத்து நீக்கும் உயிரணுக்கள் ஒருவகை. அவ்விடத்தே புதிய எலும்பைச் சமைப்பன மற்றொரு வகை. இவ்விரண்டும் ஒத்து நடக்குங்காறும் எலும்பு வலியுடையதாய் நிற்கும். முதுமையினாலோ புற்றுநோயினாலோ கரைக்குந் தொழில் மிகுந்துவிடின், எலும்பு மெலிந்து சிறு இடறலுக்கும் முறிந்துபோம்.

இக்கேட்டைத் தடுத்தற்கென எழுந்தனவே பிஸ்பாஸ்பனேட் என்னும் இனத்து மருந்துகள். அலென்ட்ரோனேட் மாத்திரையும், இரத்தக் குழாய் வழியே செலுத்தப்படும் ஸோலெட்ரானிக் அமிலமும் இவ்வினத்தைச் சேர்ந்தவை. டெனோசுமாப் என்னும் ஊசி மருந்து வேறினத்ததாயினும், அதுவும் கரைக்கும் அணுக்களையே அடக்குவது. இவற்றால் இடுப்பு முறிவினின்றும் முதுகெலும்பு முறிவினின்றும் காக்கப்பட்டோர் மிகப் பலர். எனினும், இம்மருந்துகளே சிலர்க்குத் தாடையெலும்பு மடிதற்கும் காரணமாகின்றன. அமெரிக்காவில் மயாமி நகரத்து அறுவை மருத்துவர் ராபர்ட் மார்க்ஸ் என்பார், இத்தகைய 36 நோயாளரைக் கண்டு 2003-ஆம் ஆண்டில் அறிவித்தார்.

இதனையொத்த நோயொன்றை உலகம் முன்னரே கண்டதுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெண்பாஸ்பரஸ் கொண்டு தீக்குச்சி செய்த தொழிலாளர், அதன் ஆவியைச் சுவாசித்துத் தாடை அழுகித் துன்புற்றனர். வியன்னாவில் லோரின்ஸர் என்னும் மருத்துவர் 1845-இல் இதனை விவரித்தார். 1888-இல் லண்டன் தீக்குச்சித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, இந்நோயின் கொடுமையும் ஊரறியப் பேசப்பட்டது. 1906-இல் பெர்ன் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கை, வெண்பாஸ்பரஸ் தீக்குச்சியை விலக்குதற்கு வழிகோலிற்று. அன்று நஞ்சு செய்த தீங்கை இன்று மருந்து செய்கின்றது. ஆதலின், நஞ்சை விலக்கியதுபோல மருந்தையும் முற்றும் விலக்குதல் இயலாது.

மற்றை எலும்புகளை விடுத்துத் தாடை மட்டும் கெடுவதேன் எனின், கூறுதும். தாடையெலும்பு விரைந்து புதுக்கப்படும் இயல்பினது; கரைக்குந் தொழில் அடங்கியவிடத்து அதற்கே ஊறு மிகுதி. அதனை மூடிய ஈறோ மெல்லியது. வாயிலோ நுண்கிருமிகள் எண்ணிறந்தன. பல் பிடுங்கிய குழி ஆறாது நிற்பின், அவ்வழியே கிருமி புகும். சொத்தைப் பல்லும், ஈறு நோயும், பொருந்தாத பொய்ப்பல்லும் இவ்வாறே வாயிலாகும். நீரிழிவும் புகைபிடித்தலும் கேட்டை மிகுவிக்கும்.

இம்மருந்து பெற்றவரின் தாடையெலும்பு எட்டு வாரத்திற்கு மேலும் ஈறு மூடாது வெளித் தோன்றினும், புண்துளை வழியே தட்டுப்படினும், இந்நோயென ஐயுறல் வேண்டும். தாடையில் கதிர்ச் சிகிச்சை பெற்றிருத்தலும், புற்றுநோய் அங்கே பரவியிருத்தலும் இல்லையென்று தெளிந்த பின்னரே, மருத்துவர் இந்நோய் எனத் துணிவர்.

சிகிச்சை நோயின் நிலைக்கேற்ப அமையும். எலும்பு தோன்றியும் வலியும் சீழும் இல்லையாயின், குளோர்ஹெக்ஸிடின் கலந்த நீரால் வாய் கொப்பளித்துத் தூய்மை காத்தலும், அடிக்கடி மருத்துவரிடம் காட்டலும் போதும். சீழும் நோவும் கண்டவிடத்துக் கிருமிக்கொல்லி மருந்து வேண்டும். தளர்ந்து பிரிந்த எலும்புத் துண்டுகளை மெல்ல நீக்குவர். தாடை முறியுமளவிற்கோ, முகத்தோலில் துளை விழுமளவிற்கோ நோய் முற்றினால், மடிந்த எலும்பை நலமுள்ள எலும்பு தோன்றுமளவும் அறுத்து நீக்கி ஈற்றால் மூடுவர். முற்றுமுன்னரே அறுத்தலும் பலர்க்கு நற்பயன் தருகின்றது. எலும்பு மெலிவுடையோர் சிலர்க்கு, எலும்பை வளர்க்கும் டெரிபராடைட் ஊசியும் உதவுகின்றது. எலும்பிற் புற்றுநோய் பரவியவர்க்கு அது ஆகாது.

மருந்தை நிறுத்திவிடலாமோ என்னும் வினா எளிதன்று. பிஸ்பாஸ்பனேட் எலும்பினுட் பல்லாண்டு தங்குவதாகலின், சில நாள் நிறுத்துவதால் விளையும் பயன் ஐயத்திற்குரியது. டெனோசுமாப்பின் ஆற்றலோ சில திங்களில் நீங்கும்; மாற்று மருந்தின்றி அதனைத் திடீரென நிறுத்தியவருட் சிலர்க்கு முதுகெலும்புகள் பல ஒருங்கே முறிந்துள்ளன. ஆகவே, தாமே துணிதல் தகாது. மருந்தளித்த மருத்துவரும் பல் மருத்துவரும் கலந்தே முடிவு செய்தல் வேண்டும்.

அச்சமும் அளவோடிருத்தல் நலம். எலும்பு மெலிவுக்காக மாத்திரை உண்போருள் பதினாயிரவருக்குச் சிலரே இந்நோயுறுவர். புற்றுநோய்க்காக மிகுந்த அளவிற் பெறுவோருள்ளும் நூற்றுவருக்குச் சிலரேயாவர். இந்நோய்க்கு அஞ்சி மருந்தை விடுத்து, இடுப்பு முறிந்து படுக்கையில் வீழ்தல் அறிவுடைமையாகாது.

வருமுன் காத்தலே தலையாய சிகிச்சை. மருந்து தொடங்குமுன் பல் மருத்துவரைக் கண்டு, பிடுங்கவேண்டிய பல்லைப் பிடுங்கி, புண் ஆறியபின் மருந்தை மேற்கொள்க. தொடங்கியபின் பல் நோவு காணின், உண்ணும் மருந்தையும் போட்ட ஊசியையும் பல் மருத்துவரிடம் தவறாது கூறுக. நம் இல்லங்களில் இம்மருந்துண்ணும் முதியோர் பலர். அதன் பெயரையும் அறியாதார் அவருள் உளர். மருந்துச் சீட்டைக் கையிலெடுத்து அவருடன் பல் மருத்துவரிடம் செல்லுதல், கற்ற இளைஞர் எளிதிற் செய்தற்குரிய உதவியாகும். அச்சிறு செயலொன்றே ஒருவரது தாடையைக் காத்தலும் கூடும்.