மண்ணின் எதிரொலியும் மனிதனின் தீர்ப்பும்

ரயில் நிலையத்தில் வண்டி வந்து நின்றவுடன், நீண்ட பிடியுள்ள சுத்தியலால் ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிப் பார்த்துச் செல்லும் தொழிலாளியை நம் நேயர்களில் மூத்தோர் கண்டிருப்பர். நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரத்தின் ஒலி மழுங்கியிருக்கும். கண்ணுக்குப் புலப்படாத குறையைக் காது கண்டுகொள்ளும். பூமிக்கடியில் எண்ணெயும் எரிவாயுவும் தேடும் நிபுணர்களின் தொழிலும் இவ்வகையைச் சேர்ந்ததே. நம் அடுக்களையில் எரியும் வாயுவுக்கும், தெருவில் ஓடும் பேருந்துக்கும் பின்னால் அவர்களுடைய உழைப்பு மறைந்து நிற்கின்றது. ரயில்வே அலுவலகத்தில் கணக்கெழுதும் நமக்கு அத்தொழிலில் வியப்பளித்தவற்றை இங்கே நேயர்களுடன் பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

முதலில் செய்முறையைக் காண்போம். நிலத்திலே சிறு வெடி வைப்பர். அல்லது கனத்த லாரியின் அடியிலுள்ள தகட்டைக் கொண்டு தரையை அதிரச் செய்வர். கடலிலே அழுத்தப்பட்ட காற்றைத் திடீரென வெளிவிடுவர். அவ்வதிர்வு கீழ்நோக்கிச் செல்லும். ஒரு பாறை அடுக்கு முடிந்து மற்றொன்று தொடங்கும் இடந்தோறும் அதில் ஒரு பங்கு எதிரொலியாக மேலே திரும்பும். பரப்பி வைத்த ஆயிரக்கணக்கான கருவிகள் அதனைப் பதிவு செய்யும். இம்மட்டும் எளிது. ஆனால் ஒலி நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் செல்லும். உப்புப் பாறையில் சுமார் 4,500 மீட்டர் செல்லும். எனவே எதிரொலி வந்த நேரத்தை மட்டும் கொண்டு ஆழத்தைச் சொல்லிவிட இயலாது. ஆழத்தை அறிய வேண்டின் இடையிலுள்ள பாறையை அறிதல் வேண்டும். பாறையை அறிய வேண்டின் ஆழத்தை அறிதல் வேண்டும். இம்முடிச்சை அவிழ்ப்பதே இந்நிபுணர்களின் வாழ்நாட்பணி.

இத்துறைக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் கார்ச்சர் என்னும் விஞ்ஞானியும் அவர் தோழர்களும் எதிரொலி முறையைக் களத்தில் சோதித்து வெற்றி கண்டனர். 1930 இல் அவரும் மக்டெர்மாட் என்பவரும் இத்தொழிலுக்கென ஒரு நிறுவனம் தொடங்கினர். அந்நிறுவனமே 1951 இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் என்று பெயர் மாறிற்று. அங்கேதான் 1958 இல் கில்பி என்பவர், இன்றைய கணிப்பொறிகளுக்கெல்லாம் உயிராகிய 'சில்லு'க்கு முன்னோடியான மின்சுற்றை இயக்கிக் காட்டினார். இதனிடையே 1952 இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்டர்ஸ் ராபின்சன் என்னும் இளைஞர், காகிதத்தில் வளைந்து ஓடிய பதிவுகளைக் கையால் எண்களாக்கி, தேவையற்ற ஒலிகளைக் கணிதத்தால் நீக்கிக் காட்டினார். எண்ணெய் தேடியவர்கள் கணிப்பொறி வளரத் துணை செய்தனர். வளர்ந்த கணிப்பொறி அவர்கள் தேடலுக்குத் துணை நின்றது.

இத்துணை பெரிய கணிப்பொறிகள் எதற்கு எனச் சிலர் வினவலாம். பேரேடு கூட்டிப் பழகிய கையால் நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நீளம் 10 கிலோமீட்டர், அகலம் 10 கிலோமீட்டர், ஆழம் 5 கிலோமீட்டர் உள்ள நிலப்பகுதியை 10 மீட்டருக்கு ஒரு புள்ளியாகப் பிரித்தால் 50 கோடி புள்ளிகள் ஆகும். ஓர் அதிர்வு அதனூடே 8 நொடிகள் பயணம் செய்வதை ஆயிரத்தில் ஒரு நொடி வீதம் பின்தொடர்ந்தால் 8,000 படிகள். இரண்டையும் பெருக்கினால் 4 லட்சம் கோடி. இவ்வளவும் ஒரே ஓர் அதிர்வுக்கு. எதிரொலியைக் காலத்தில் பின்னோக்கி நடத்தி அது புறப்பட்ட இடத்தைக் காண்பதற்கு மீண்டும் அவ்வளவு. அத்தகைய அதிர்வுகளோ ஓர் ஆய்வில் பல்லாயிரம்! இத்தாலி நாட்டு எனி நிறுவனம் இப்பணிகளுக்காகவும் 2024 இல் நிறுவிய கணிப்பொறி, சோதனையில் நொடிக்கு 4,779 கோடி கோடி கணக்குகள் போட்டது. அவ்வாண்டு நவம்பரில் உலகப் பட்டியலில் அதற்கு ஐந்தாம் இடம் கிடைத்தது.

நம் நாட்டுக் கதையும் சுவையானதே. எண்ணெய் இயற்கை எரிவாயு ஆணையம் 1956 இல் டேராடூனைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றிற்று. மேற்குக் கடலில் தேட அன்று நம்மிடம் தகுந்த கப்பல் இல்லை. 1960களின் நடுவில் 'அகாடமிக் அர்காங்கெல்ஸ்கி' என்னும் சோவியத் கப்பல் வந்து ஆய்வு நடத்திற்று. அந்தப் பதிவுகளில் தென்பட்ட மேட்டை 1974 இல் 'சாகர் சாம்ராட்' துளையிட்டது, எண்ணெய் கிடைத்தது. மும்பைக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பம்பாய் ஹை அதுவே. பின்னர் 1987 இல் பதிவுகளை ஆராய டேராடூனில் ஜியோபிக் என்னும் நிலையம் எழுந்தது. அக்காலத்தில் அமெரிக்கா தன் மிக வலிய கணிப்பொறியை நமக்கு விற்க மறுத்ததால், 1988 இல் புனேயில் சி-டாக் அமைக்கப்பட்டது. 1991 இல் 'பரம் 8000' பிறந்தது. நிலஅதிர்வுப் பதிவுகளை ஆராய்வதும் சி-டாக்கின் பணிகளில் ஒன்றாயிற்று. அயலார் கப்பலில் தொடங்கிய தேடலை நம்மவரே நடத்தும் நிலை இவ்வாறு வந்தது.

எனினும் படம் தெளிவாயிருந்தால் முடிவும் சரியாயிருக்கும் என்று எண்ணிவிடலாகாது. அலாஸ்காவின் வடகடலில் முக்லுக் என்னும் இடத்தில் மிகப் பெரியதொரு மேடு இருப்பதைப் பதிவுகள் காட்டின. மேடு இருந்தது உண்மை. குத்தகைக்கும் கிணற்றுக்குமாக 100 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு 1983 இல் துளையிட்டனர். கிடைத்தது உப்புநீர்! முன்னொரு யுகத்தில் அங்கிருந்த எண்ணெய் கசிந்து போய்விட்டதென்று பின்னர் அறிந்தனர். எதிரொலி பாத்திரத்தின் வடிவத்தைச் சொல்லிற்று. உள்ளே இருப்பதைச் சொல்லவில்லை.

வடிவத்திலும் ஓர் எல்லை உண்டு. நொடிக்கு 30 முறை அதிரும் ஒலி, நொடிக்கு 3,000 மீட்டர் வேகத்தில் சென்றால் அதன் அலைநீளம் 100 மீட்டர். அதில் நான்கில் ஒரு பங்காகிய 25 மீட்டருக்கும் மெல்லிய அடுக்கின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிரித்தறிவது அரிது. அந்த ஐயத்தின் நடுவே நின்று, 'இங்கே துளையிடுக' என்றோ 'வேண்டாம்' என்றோ சொல்ல ஒரு மனிதர் வேண்டும். பாறையின் இயல்பும், அலையின் போக்கும், கணக்கின் நுட்பமும் மூன்றும் அறிந்தவரே அதற்குத் தகுதியுடையவர்.

அவர் சொல்லுக்கும் அப்பாற்பட்ட வினா ஒன்றுண்டு. காவிரிப் படுகையிலும் நிலஅதிர்வு ஆய்வுகள் நடந்து, கிணறுகள் தோண்டப்பட்டன. விளைநிலம் பாழாகுமென்று உழவர் குரல் எழுப்பினர். 2020 இல் தமிழக அரசு சட்டமியற்றி, டெல்டாப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடை செய்தது. கீழே என்ன இருக்கின்றது என்பதை நிபுணர் கூறலாம். எடுக்கலாமா என்பதை மேலே வாழ்வோரையும் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

எண்ணெயின் காலம் சுருங்கினால் இக்கலையும் மறையுமோ எனின், மறையாது. நார்வே நாட்டுக் கடலில் ஸ்லைப்னர் என்னுமிடத்தில் 1996 முதல் கரியமில வாயுவைக் கடலடிப் பாறைக்குள் செலுத்திச் சேமித்தனர். அது கசியாமல் தங்கியுள்ளதா என்பதைக் காட்டியதும் இதே எதிரொலிதான்.

கணிப்பொறி கற்க விரும்பும் நம் பிள்ளைகளில் சிலரேனும் பௌதிகத்தையும் நிலவியலையும் அதனுடன் சேர்த்துக் கற்பாராக. தன்பாத், கரக்பூர், ரூர்க்கி ஆகிய இடங்களிலுள்ள தொழில்நுட்பக் கழகங்களில் இதற்கான படிப்புகள் உள்ளன. ஊரைவிட்டு வெளியே வாழும் நம் குடும்பங்களுக்கு அவ்விடங்கள் தொலைவென்று தோன்றா. கணக்கைப் பொறி போடும். கணக்கின் விடையை வைத்துக்கொண்டு நிதானமாய்த் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு, கற்றறிந்த மனிதரிடமே இருக்கும்.